முப்பதடி தள்ளி

கயிற்றைத் தாண்ட மாட்டேன், தம்பி. இந்தப் பக்கமே நிற்கிறேன். நீங்கள் கட்டிய கயிறு, நீங்கள் சொன்ன தூரம், சரிதான். இரும்பு ராடுகளை ஏற்றி வரும் உங்கள் ராடு வண்டி வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது என்று உங்கள் ஆள் ஒருவர் சொன்னார். பாலம் குறுகல். பின்னால் எடுத்து ஊரைச் சுற்றித்தான் வர வேண்டும். அரை மணி நேரமாவது ஆகும். அந்த அரை மணி நேரத்தை எனக்குக் கொடுங்கள். அதுவரை இந்த போர்வெல் வண்டிக்கு ஜாக்கி போட்டு நிறுத்திவிடாதீர்கள். போட்டுவிட்டால் பிறகு எடுக்க மாட்டீர்கள். எனக்குத் தெரியும்.

உங்களைக் கூப்பிட்டது என் சம்சாரம். அதோ, அந்தக் கற்குவியல் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாளே, தெய்வாத்தாள். அங்கேதான் போர் போட வேண்டும் என்று சொல்லியிருப்பாள். அங்கே வேண்டாம். போட வேண்டிய இடம் இது. இதோ, மஞ்சள் பூசிய இந்தக் கல். இதற்கும் அதற்கும் முப்பதடி. முப்பதடிதானே, இதற்கா இந்த மனுஷன் இப்படிக் கெஞ்சுகிறான் என்று நினைக்கிறீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டு நினையுங்கள்.

பட்டா என் பேரில்தான் இருக்கிறது. அதைச் சொல்லி இப்போதே உங்கள் வண்டியைத் திருப்பி அனுப்ப என்னால் முடியும். அவள் காதில் விழும்படி அதைச் சொல்ல என்னால் முடியாது. அதனால்தான் உங்களிடம் வந்து நிற்கிறேன்.

மேலே பார்க்கிறீர்கள். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் மேலேதான் பார்க்கிறார்கள். ஆமாம், மின்கம்பிதான். பதினோராயிரம் வோல்ட். என் தோட்டத்தின் குறுக்கே போகிறது. என்னைக் கேட்டா போட்டார்கள்? அப்போது தொய்ந்து கிடந்தது. இப்போது இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். முன்னைக்கு ஒன்றரை அடி உயரம். நன்றாகப் பாருங்கள், ஒன்றரை அடி.

இந்தத் தோப்பில் முந்நூற்று நாற்பது தென்னை இருந்தது. இன்றைக்குக் காலையில் எண்ணினேன், நூற்றுப் பதினெட்டு. தினமும் எண்ணுகிறேன். மட்டை தொங்க ஆரம்பித்தால் ஒரு மாதம். குருத்து சாய்ந்துவிட்டால் அவ்வளவுதான், அதற்குப் பிறகு கடலையே கொண்டுவந்து ஊற்றினாலும் பிழைக்காது. மூன்று போர் போட்டுப் பார்த்தேன். மூன்றிலும் மாவு மாதிரி புழுதி பறந்தது. ஆயிரத்து நூறு அடி வரை போயும் ஈரம் இல்லை. அதற்குப் பிறகுதான் வெள்ளியங்கிரியைக் கூட்டி வந்தேன். நீரோட்டம் பார்க்கிறவர். மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்து ஓய்வு பெற்ற மனிதர், ஏமாற்றுக்காரர் இல்லை. குடுமித் தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு தோப்பு முழுக்க நடந்தார். வெறும் காலோடு நடந்தார். இந்த இடத்துக்கு வந்ததும் தேங்காய் எழுந்து நின்றது. நான் பார்த்தேன். தெய்வாத்தாள் பார்த்தாள். அவள் தம்பி ரத்தினசாமி, "மாமா, நீங்க கையச் சாய்ச்சிருப்பீங்க" என்று அவரைக் கேலி செய்தான். அவர் தேங்காயை அவன் கையில் வைத்தார். அவன் கையிலும் நின்றது. சிரிப்பு போய்விட்டது அவனுக்கு.

வெள்ளியங்கிரி சொன்னது இதுதான்: "நாச்சிமுத்து, இது ஒத்தை ஊத்து. விரல் தண்டிதான் ஓடுது. ஒரு முழம் நகத்திப் போட்டாலும் தப்பிப் போயிரும். கல்லை நட்டு மஞ்சள் பூசிப் பூஜை போட்டுரு. வண்டி வர்ற வரைக்கும் யாரும் செருப்புக் காலோட மிதிக்க வேண்டாம்."

அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. தண்ணீர் கீழேதானே இருக்கிறது?

முதலில் வந்தவர் அர்த்தனாரி. உங்களுக்குத் தெரிந்தவர்தான். நீங்கள் கயிறு கட்டிய விதத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன், அவரிடம் வேலை கற்ற ஆள் என்று. போன சித்திரையில் வந்தார். இருபத்தெட்டு வருடமாக போர் வண்டி ஓட்டுகிறாராம். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் எல்லாம் போய்ப் போட்டவராம். இருக்கட்டும். வந்து இறங்கியதும் அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பூஜை போட்ட இடத்தில் தொப்பென்று பூட்ஸ் காலை வைத்தார்.

"ஏனுங்க, அது சாமி வச்ச எடமுங்க" என்றேன்.

"சாமிக்கு என் பூட்ஸைத் தெரியுமுங்க. இருபத்தெட்டு வருஷப் பழக்கம்" என்றார்.

என் சம்சாரம் சரம் சரமாக மல்லிகை கட்டி வைத்திருந்தாள். ராடு இறங்கும்போது அதில் சுற்ற வேண்டும் என்று. எங்கள் பக்கத்தில் வழக்கம் அது. அவர் அதை வாங்கி வண்டியின் முன்பக்கம் கண்ணாடிக்குக் கீழே போட்டுவிட்டார். "சுத்தற ராட்டுல நூலும் ஆகாது, பூவும் ஆகாதுங்கம்மா. நூலைப் புடிச்சா கையைப் புடிக்கும், கையைப் புடிச்சா ஆளையே சுத்தும்." இவள் தலையை ஆட்டினாள். ரத்தினசாமி கழுத்தில் துண்டு போட்டிருந்தான். அதை எடுக்கச் சொன்னார். கையில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். என்னிடம், வேட்டியை மடித்துக் கட்டக்கூடாது, பேண்ட் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போங்கள் என்றார். என் தோட்டத்தில் என்னை! பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையை வெளியே நிறுத்தினது மாதிரி நின்றேன். ரத்தினசாமி வேறு, "மாமா, பேண்ட் தைக்கக் குடுத்திரலாமா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை, தம்பி. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான். வேலையை ஆரம்பிக்காமல் உட்கார்ந்துவிட்டார். வண்டி நிழலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டு, உச்சி வெயில் வரட்டும் என்றார். எதற்கு என்று கேட்டால் சொல்லவில்லை. பன்னிரண்டரை மணிக்கு எழுந்து வந்தார். சித்திரை உச்சியில் நிழல் நேர் கீழே விழும் இல்லையா? கம்பியின் நிழல் தரையில் கோடு போட்டது மாதிரி விழுந்திருந்தது. அந்தக் கோட்டில் ஒரு காலை வைத்து, கல் வரைக்கும் அடி வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நாலே அடி.

"ஆகாதுங்க" என்றார்.

"ஏன் ஆகாது?"

"வண்டி மேல படுத்திருக்குதே இந்த இரும்பு மாஸ்ட், இது எந்திரிச்சு நின்னா முப்பதடிங்க. கம்பி இருக்கறது இருபது அடி உசரத்துல. பக்கவாட்டுல நாலடி. ராட்டத் தூக்கறப்போ ஆடும். ஆனி, ஆடிக் காத்துக்குக் கம்பியும் ஆடும். தொட வேண்டியதுகூட இல்லீங்க, பக்கத்துல போனாலே தாவும். மேல லீவர்கிட்ட நிக்கற எனக்கு ஒண்ணும் ஆகாது. கீழ மண்ணுல நின்னுட்டு வண்டியைத் தொடறவன் போயிருவான்."

இது நடந்தது சித்திரையில். காற்று இல்லாத மாதம். ஒரு மட்டை அசையவில்லை. அப்போது உட்கார்ந்துகொண்டு ஆடிக் காற்றைப் பற்றிப் பேசுகிறார்!

பிறகு கல்லிலிருந்து, கம்பியை விட்டு விலகி, எண்ணிக்கொண்டே நடந்தார். முப்பதடி போய் நின்று, வரப்பில் கிடந்த நான்கைந்து கற்களைப் பொறுக்கிக் குவித்தார். அந்தக் குவியல்தான் அது. அவர் வைத்ததுதான். "இங்க போடறேனுங்க" என்றார். நான் வெள்ளியங்கிரி சொன்னதைச் சொன்னேன், தேங்காய் நின்றதைச் சொன்னேன், ஒரு முழம்கூட நகர்த்தக்கூடாது என்றேன். அவர் குவியலைக் காலால் தட்டிச் சரி செய்துகொண்டே, "இதுவும் உங்க பூமிதானுங்களே?" என்றார்.

தெய்வாத்தாளுக்கு அது மனதில் தைத்துவிட்டது. அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. அவள் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வழியும் சொன்னார், இல்லையென்று சொல்ல மாட்டேன். கரண்ட் ஆபீசில் எழுதிக் கொடுத்து, லைனை நிறுத்தி, எழுத்தில் வாங்கி வரச் சொன்னார். அவர்கள் ஆள் வந்து கம்பியைப் பூமியோடு சேர்த்துக் கட்ட வேண்டும், அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மாஸ்ட் எழும்பும் என்றார். ஆபீசில் நான்கு நாள் ஆகும் என்றார்கள். நான்கு நாள்! இரண்டு நாளைக்கு ஒரு மரம் குருத்து சாய்ந்துகொண்டிருந்த நேரம். எனக்கு லைன்மேன் பழக்கம். போனில் கேட்டேன், "அண்ணா, ஒரு ரெண்டு மணி நேரம் நிறுத்தித் தரேன்" என்றார். அதை அர்த்தனாரியிடம் சொன்னேன். அந்த மனிதர் என் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போன்ல சொன்னது கம்பிக்குத் தெரியுமாங்க?" என்றார்.

இப்படிப் பேசினால் யாருக்குத்தான் கோபம் வராது? சொல்லுங்கள். நானும் பேசினேன். "உசுருக்குப் பயந்தவன் எதுக்கய்யா போர் வண்டி ஓட்டறே, ஐஸ் வண்டி ஓட்டு" என்றேன். அவர் கோபப்படவில்லை. "தண்ணி வர்றப்போ குடிக்க ஆளு வேணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுருட்டினார். கண்ணாடிக்குக் கீழே கிடந்த மல்லிகைச் சரத்தை எடுத்துத் தெய்வாத்தாளிடமே கொடுத்தார். தன் நம்பர் அச்சடித்த ஒரு சீட்டையும் கொடுத்தார். போய்விட்டார்.

போனவர் சும்மா போனாரா? நம்பர் வைத்திருக்கிற அத்தனை வண்டிக்காரர்களுக்கும் சொல்லிவிட்டார். நாச்சிமுத்து தோட்டம், கம்பிக்கு நாலடி, போகாதீங்க. கூப்பிடுகிறேன், இதோ வருகிறோம் என்பார்கள், இடம் சொன்னதும் போனை வைத்துவிடுவார்கள். வைகாசி போயிற்று. ஆனி பிறந்தது. தினம் மரம் எண்ணுவேன். இருநூற்றுத் தொண்ணூறு, இருநூற்று எண்பத்தாறு. தூக்கம் இல்லை. சோற்றில் கை வைத்தால் இறங்காது. என்னை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது யார், தம்பி? பயந்து ஓடிய அந்த மனிதர்தானே? அவர் அன்றைக்கே, காற்றில்லாத நாளில், கொஞ்சம் ஜாக்கிரதையாக இந்தக் கல்லில் போட்டிருந்தால்? அவ்வளவு தெரிந்தவர் அவ்வளவு ஜாக்கிரதையாகச் செய்திருக்கக்கூடாதா? நல்ல டிரைவர் வர மாட்டேன் என்று போய்விட்டால், தண்ணீருக்குத் தவிக்கிறவன் வருகிறவனைத்தானே கூப்பிடுவான்?

கிட்டுசாமி வந்தான். ரத்தினசாமிதான் எங்கேயோ விசாரித்துப் பிடித்தான். மாமா மரம் போகிறதே என்று அவனுக்கு அவ்வளவு கவலை. சின்ன வயது டிரைவர், சிரித்த முகம். அண்ணா அண்ணா என்று அப்படி மரியாதை. செருப்பைக் கயிற்றடியிலேயே கழற்றிவிட்டான். கயிறு என்று ஒன்று கட்டினான், நாங்கள் உள்ளே போகும்போது தூக்கிப் பிடித்தான். கம்பியை அண்ணாந்து பார்த்தான். "மேக்குப் பக்கமிருந்து பின்னால வண்டியைக் குடுத்தா மாஸ்ட் கம்பியை விட்டு விலகித்தாங்ணா எந்திரிக்கும். லைன் மட்டும் ரெண்டு மணி நேரம் ஆஃப் பண்ணச் சொல்லிருங்க." லைன்மேனுக்குப் போன் போட்டேன். நிறுத்தினார். வீட்டில் ஃபேன் நின்றது. நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எனக்கு ஜாக்கிரதை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அவள் மறுபடியும் பூக் கட்டினாள். இந்த முறை ராட்டில் சுற்றினோம்.

மாஸ்ட் எழும்பியது. ஒன்றும் ஆகவில்லை. நானும் ரத்தினசாமியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "எங்க மாமா உங்க அர்த்தனாரி?" என்றான். ஓட்ட ஆரம்பித்தார்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கம்ப்ரசர் போட்டால் பக்கத்தில் நிற்கிறவன் பேச்சே கேட்காது. நூறடி போயிற்று. இருநூறு. புழுதி அடங்கத் தண்ணீர் விட்டு ஓட்டினார்கள். தரையெல்லாம் சேறு. ஆனிக் கடைசி. பாலக்காட்டுக் காற்று இறங்கிவிட்டது, மட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக்கொண்டு கிடந்தன. என் சட்டையை அந்த மரத்தில் மாட்டியிருந்தேன். போன் சட்டைப் பையில் இருந்தது.

ரத்தினசாமி எங்கள் வீட்டுக்குப் போய் எல்லோருக்கும் இட்லி எடுத்துக்கொண்டு வந்தான். செருப்போடு வந்தான். இதை உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன், தம்பி. கேட்டுக்கொள்ளுங்கள். செருப்போடுதான் வந்தான். நான்தான் சொன்னேன். சத்தத்தில் கேட்காது என்று அவன் காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்தினேன், "சாமி வச்ச எடம், செருப்பைக் கழட்டிட்டு வா." கழற்றினான். அவன் என் பேச்சைத் தட்டமாட்டான். நான்கு எட்டு வைத்ததும் காலில் முள் ஏறிவிட்டது. நெருஞ்சி முள். பெரிய விஷயமே இல்லை. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, மறுகாலில் சேற்றில் நின்றுகொண்டு, முள்ளைப் பிடுங்குவதற்காக ஒரு கையை வண்டியில் ஊன்றினான்.

அந்த நேரத்தில் அடுத்த ராட்டைத் தூக்கினார்கள்.

கிட்டுசாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலே லீவர் பக்கம் நின்றவனுக்கு ஒன்றும் ஆகாதாம். டயர்தான் புகைந்தது. ரத்தினசாமி உட்கார்ந்தான். உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. கை வண்டியில் அப்படியே இருந்தது. முள் எடுக்கிறான் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் அப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை.

லைன்மேன் என்ன செய்வார்? ஒரு மணி நேரம் கழித்து, கரண்ட் இல்லை என்று மில்காரர்கள் கூப்பிட்டுச் சத்தம் போட்டிருக்கிறார்கள். அவர் எனக்குப் போன் போட்டிருக்கிறார். போட்டிருக்கிறார், தம்பி. நல்ல மனிதர். ஆறு முறை போட்டிருக்கிறார். நான் எடுக்காததால் வேலை முடிந்து வண்டி போயிருக்கும் என்று நினைத்து லைனைப் போட்டுவிட்டார். மரத்தில் மாட்டின சட்டைப் பையில் ஆறு முறை அடித்திருக்கிறது. அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? உங்களுக்குக் கேட்குமா?

நான் சொல்ல வந்தது அதுவல்ல. எதையோ சொல்ல வந்து எங்கோ போய்விட்டேன்.

விசாரணைக்கு வந்தார்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதினார்கள். "இறந்தவர் ஏன் வெறுங்காலில் இருந்தார்?" என்று அந்த அதிகாரி கேட்டார். "கோயில் மாதிரிங்க சார். பூஜை போட்ட எடம்" என்றேன். அவர் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார்: "இறந்தவர் தாமாகவே காலணியைக் கழற்றியிருந்தார். சரிங்களா?"

"சரிங்க" என்றேன்.

தெய்வாத்தாள் கதவருகே நின்றிருந்தாள். நான் அவன் காதில் கத்தினபோது அவளும் அங்கேதான் இருந்தாள். பூத்தட்டோடு, ஐந்தடி தூரத்தில். சத்தத்தில் கேட்டிருக்காது என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் செருப்பைக் காட்டிக் கை நீட்டினேன் இல்லையா, அதைப் பார்த்திருப்பாள். அன்றைக்குச் சாயங்காலமே ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு ரத்தினசாமி வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் பெண்டாட்டி வளர்மதிக்குத் துணையாக இருக்கிறாள் என்று ஊரில் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஒன்பது மாதம் ஆகிறது. நான் போனால் அடுப்படிக்குள் போய்விடுவாள். வளர்மதிதான் காபி கொடுப்பாள். வளர்மதி என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. இவள் அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. திட்டினால் பரவாயில்லை. சண்டை போட்டால் பரவாயில்லை. என் பக்கம் முகத்தையே திருப்புவதில்லை.

இன்றைக்குக் காலையில் வந்து இறங்கினாள். அவள் போனில் கூப்பிட்டுத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்று உங்கள் வண்டியைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியும். அர்த்தனாரி கொடுத்த அந்தச் சீட்டை இத்தனை நாள் வைத்திருந்திருக்கிறாள், அவர் உங்களை அனுப்பியிருக்கிறார். நேராகக் குவியலுக்குப் போனாள். இந்தக் கல்லிலிருந்து அதுவரைக்கும் அவளே அடி வைத்து எண்ணினாள். கலைந்து கிடந்த கற்களை எடுத்து மறுபடி குவித்தாள். பூஜை இல்லை, மஞ்சள் இல்லை. நின்றுகொண்டாள்.

நீங்கள் ஏதோ சொல்ல வருகிறீர்கள். தெரியும். அங்கே போட்டால் என்னங்க, மரம் பிழைத்தால் போதாதா என்பீர்கள். நூற்றுப் பதினெட்டு மரம் இருக்கிறது, இன்றைக்குத் தண்ணீர் விட்டால் நூறு மரமாவது நிற்கும் என்பீர்கள். எனக்குத் தெரியாதா? இந்த மரங்களை நான் வைத்தேன், தம்பி. ஒவ்வொன்றும் எப்போது பாளை விட்டது என்று சொல்வேன்.

ஆனால் இந்தக் கல்லில்தான் தண்ணீர் இருக்கிறது. இங்கே மட்டும்தான் இருக்கிறது. இருநூற்றுச் சொச்சம் அடியோடு நின்றுவிட்டது, முழுதாகப் போட்டுப் பார்க்கவே இல்லை. இதில் தண்ணீர் இருந்தால், இங்கே போட்டே ஆக வேண்டியிருந்தது என்று ஆகும். வேறு வழியில்லாமல் இங்கே போட்டோம், போட்ட இடத்தில் கெட்ட நேரம், அவன் போய்விட்டான். அப்படிச் சொல்லலாம். அப்படி நினைத்துக்கொண்டு ஒரு மனிதன் எழுந்து பல் விளக்கலாம், சாப்பிடலாம். அங்கே போட்டாலும் தண்ணீர் இருந்திருக்கும் என்றால்? முப்பதடி. முப்பதடி நடந்து போய் அந்த இடத்தில் நின்றிருந்தால் போதும் என்றால்? அர்த்தனாரி சித்திரையிலேயே சொன்னார், அன்றைக்கே அங்கே போட்டிருந்தால் முந்நூறு மரமாவது இருந்திருக்கும், ரத்தினசாமி இருந்திருப்பான், இவள் இந்நேரம் உங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருப்பாள் என்றால்?

அதனால் சொல்கிறேன். நான்கு நாள் கொடுங்கள். ஆபீசில் எழுதிக் கொடுத்து, லைனை நிறுத்தி, எழுத்தில் வாங்கி வருகிறேன். பூமியோடு சேர்த்துக் கட்டுவதை நீங்கள் கண்ணால் பாருங்கள். நான் பேண்ட் போட்டுக்கொள்கிறேன். நீங்கள் பூட்ஸ் காலோடு கல்லின் மேலேயே ஏறி நில்லுங்கள், ஒரு வார்த்தை பேச மாட்டேன். இங்கே போட்டு, புழுதி பறந்தால் பறக்கட்டும். வெறும் குழியாகப் போனாலும் போகட்டும். அப்படி ஆனால் இந்தப் பூமியிலேயே தண்ணீர் இல்லை, எங்கேயும் இல்லை, எங்கே போட்டிருந்தாலும் இல்லை என்று ஆகும். அதுகூட எனக்குப் போதும். மரம் எல்லாம் போகட்டும். எண்ணுகிற வேலையாவது விடும். அந்தக் குவியலில் மட்டும் போட வேண்டாம்.

ஏன் தலையை ஆட்டுகிறீர்கள்? அம்மா சொன்ன இடத்தில்தான் போடுவேன் என்கிறீர்களா? கம்பி அங்கே இல்லை, இடம் நல்ல இடம், அதுதானே உங்களுக்குக் கணக்கு? சரிதான். உங்கள் வேலை உங்களுக்கு. உங்களைத் தப்புச் சொல்ல முடியாது.

ராடு வண்டி வந்துவிட்டது. மேட்டில் ஏறுகிறது. ஹாரன் அடிக்கிறான்.

தம்பி, கொஞ்சம் நில்லுங்கள். காதை மூடுகிற அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டால் நான் பேசுவது உங்களுக்குக் கேட்காது. ஒன்றே ஒன்று. அங்கே வறண்டு போனால் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். எனக்கு அது பழகிப்போய்விட்டது. ஆனால் தண்ணீர் வந்துவிட்டால், குபுகுபுவென்று சேறும் நுரையுமாக மேலே அடித்துக்கொண்டு வந்துவிட்டால், ஒன்பது மாதமாக என் முகத்தைப் பார்க்காதவள் அப்போது திரும்பி என்னைப் பார்ப்பாள், தம்பி.